ஸ்டோன் கோல்டின் கழுத்து

90களில் பிறந்தவங்க வீட்டுல ஒரு கட்டு டபிள்யூ.டபிள்யூ.எஃப் கார்டு கண்டிப்பா இருந்திருக்கும். உயரம், எடை, மார்பளவு, ரேங்க்னு சொல்லிச் சொல்லி அடுத்தவன் கார்டைப் பிடுங்குவோமே, அதேதான்.

அந்தக் கட்டுல மொட்டைத்தலையும் கருப்பு டவுசருமா ஒருத்தர் முறைச்சிட்டு நிப்பார். ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின். டிவியில கண்ணாடி உடையுற சத்தம் கேட்டா சோத்துத் தட்டோட ஓடி வந்து உட்காருவோம்.

நாம அவரை விழுந்து விழுந்து ரசிச்ச வருஷங்கள் முழுக்க அவர் ஒரு அடிபட்ட கழுத்தோட தான் வேலை பார்த்தார். எம்.பி.பி.எஸ் படிச்ச பிறகு தான் எனக்கு அதோட அர்த்தம் புரிஞ்சது. இந்த த்ரெட் அந்தக் கழுத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

"அதெல்லாம் பொய்ச் சண்டை தானே டாக்டர்?" என்று கேட்பீர்கள். ஆமாம். யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் 100 கிலோவுக்கு மேல் எடை உள்ள மனிதன் தலைகீழா விழும்போது, புவியீர்ப்பு விசைக்கு யாரும் வசனம் எழுதித் தர முடியாது.

முன்கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1964 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்தவர். சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே டல்லாஸில் மல்யுத்தம் கற்று 1989ல் களத்தில் இறங்கினார். 1991ல் டபிள்யூ.சி.டபிள்யூ என்ற பெரிய கம்பெனியில் இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு நீளமான பொன்னிற முடி. நம்ப மாட்டீங்க, போய்ப் பாருங்க.

1995ல் கையின் பின்பக்கத் தசையில் காயம்பட்டு வீட்டில் இருந்தபோது, அந்தக் கம்பெனியை நடத்திய எரிக் பிஷாஃப் போனிலேயே வேலையை விட்டுத் தூக்கிவிட்டார். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வருவார்.

போட்டிக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.எஃப் அவரை எடுத்துக்கொண்டது. 1996 ஜூனில் கிங் ஆஃப் தி ரிங் போட்டி. அன்றைய முதல் சண்டையில் உதடு கிழிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுத் திரும்பி வந்து, இறுதிப் போட்டியிலும் ஜெயித்தார். அன்று மைக்கில் பேசியது தான் "ஆஸ்டின் 3:16". அமெரிக்காவில் அந்த டி-ஷர்ட் போடாத பையன் இல்லை என்கிற நிலை வந்தது.

அப்படி ஏறுமுகத்தில் இருக்கும்போது தான் அது நடந்தது. 1997 ஆகஸ்ட் 3. நியூ ஜெர்சி, சம்மர்ஸ்லாம். எதிரில் ஓவன் ஹார்ட். ஆஸ்டின் தோற்றால் ஓவனின் பின்பக்கத்தில் முத்தம் கொடுக்க வேண்டும் என்று பந்தயம். சிரிக்காதீங்க, நிஜமாவே அது தான் பந்தயம்.

சண்டை நடுவில் ஓவன் அவரைத் தலைகீழாகத் தூக்கி பைல்டிரைவர் போட்டார். எதிராளியின் தலையைத் தொடைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, போடுபவர் முட்டி போட்டு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் தலைக்கும் தரைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். தலை தரையைத் தொடாது. அன்று ஓவன் முட்டி போடவில்லை, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தொடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த ஆஸ்டினின் உச்சந்தலை நேராகத் தரையில் இடித்தது. இரண்டு பேருடைய எடையும் ஒரு கழுத்தின் மேல்.

ஆஸ்டினுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவுமே அசையவில்லை.

அந்த நொடியில் நினைவுக்கு வந்தது கிறிஸ்டோபர் ரீவ் தான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சூப்பர்மேனாக நடித்தவர், 1995ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனவர்.

ஓவனுக்கும் ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து ஏதேதோ செய்து நேரத்தை ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆஸ்டினுக்கு உணர்வு திரும்ப ஆரம்பித்தது. தவழ்ந்து வந்து, ஓவனைப் பின்னாலிருந்து உருட்டிப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. திட்டமிட்டபடி பட்டம் ஆஸ்டினுக்கு. அந்த வீடியோவைப் பாருங்கள், குழந்தை பிடிப்பதைவிடப் பலவீனமான பிடி. நடுவர்கள் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

மருத்துவரா இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்கிடறேன்.

கழுத்தில் 7 எலும்புகள். அவற்றின் நடுவே ஓடும் குழாய் போன்ற பாதையில் தண்டுவடம் இறங்குகிறது. உச்சந்தலையில் நேராக அடி விழும்போது அந்த விசை முழுக்கக் கழுத்தெலும்புகள் வழியாக இறங்கும். எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை வெட்டினால் கதை முடிந்தது. வெட்டாமல் நசுக்கி மட்டும் விட்டால் சில நிமிடங்களோ சில மணி நேரமோ செயலிழந்து மீளலாம். கரண்ட் கட் ஆகித் திரும்ப வருவது மாதிரி. ஆஸ்டினுக்கு நடந்தது இந்த இரண்டாவது. அவருக்குத் தண்டுவடம் போகும் பாதையும் குறுகலாக இருந்தது. அடுத்த அடி விழுந்தால் கரண்ட் திரும்ப வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்று. நாம் மூச்சு விட உதவும் உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்தின் 3, 4, 5 ஆகிய மட்டங்களிலிருந்து கிளம்புகிறது. அதற்கு மேலே முழுதாக வெட்டுப்பட்டால் கை கால் மட்டுமல்ல, மூச்சும் நிற்கும்.

"அவர் தான் எழுந்து நடந்துட்டாரே" என்பவர்களுக்கு டேரன் டிராஸ்டாவைச் சொல்கிறேன். அதே கம்பெனி, 1999 அக்டோபர். ஒரு பவர்பாம்பில் தலைகுப்புற விழுந்தார். வயது 30. மீதி வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலி தான். 2023ல் 54 வயதில் இறந்தார். இவர் கார்டு நம்மில் எத்தனை பேரிடம் இருந்தது?

கோடை விடுமுறையில் கிணற்றிலும் வாய்க்காலிலும் தலைகீழாகக் குதிக்கும் பசங்களுக்கு நடப்பதும் இதே தான். கழுத்தில் அடிபட்டவரைக் கையும் காலும் பிடித்து அள்ளி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். தலையும் கழுத்தும் ஒரே நேர்கோட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்கு போன் செய்யுங்கள்.

சரி, ஆஸ்டினிடம் திரும்புவோம்.

1997 செப்டம்பர் 22, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். முதலாளி வின்ஸ் மக்மேன் ரிங்குக்குள் வந்து, "டாக்டர்கள் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை, நீ சண்டை போடக்கூடாது" என்று புத்தி சொன்னார். ஆஸ்டின் கேட்டுக்கொள்வது போல் தலையாட்டிவிட்டு அவருக்கே ஒரு ஸ்டன்னர் போட்டார். அரங்கமே அதிர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னவர் வில்லன், அதை மீறினவர் ஹீரோ! எங்க ஓ.பி.யில தினமும் நடக்கறது தான், என்ன, யாரும் ஸ்டன்னர் போடறது இல்லை. ஆனால் அன்று வின்ஸ் சொன்ன வசனத்துக்குள் இருந்த செய்தி உண்மை. அந்த உண்மையை வைத்தே கதை பண்ணினார்கள்.

அடிபட்டு மூன்று மாதத்தில், நவம்பரில் மான்ட்ரியலில் மறுபடி களம். எதிரில் அதே ஓவன். சுமார் 4 நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவருடைய ஆட்டமே மாறிப்போனது. முன்பு நுணுக்கமான பிடிகள் போட்ட ஆள், இப்போது குத்து, உதை, ரிங்குக்கு வெளியே கைகலப்பு. நமக்குப் பிடித்த அந்த முரட்டு ஸ்டைலில் பாதி, கழுத்தைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி என்பது என் கணிப்பு.

1998 மார்ச்சில் ஷான் மைக்கேல்ஸை வென்று சாம்பியன். அடுத்த மாதம், 83 வாரமாக டி.வி. ரேட்டிங்கில் முன்னால் ஓடிய டபிள்யூ.சி.டபிள்யூவை இவருடைய கம்பெனி முந்தியது. போனில் வேலையை விட்டுத் தூக்கிய அதே கம்பெனி. 2001ல் அது விலைக்கே போய்விட்டது.

ஓவன் ஹார்ட் அதைப் பார்க்க இல்லை. 1999 மே 23, கான்சாஸ் சிட்டியில் அரங்கக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியில் தவறி விழுந்து 34 வயதில் இறந்துபோனார். 1997ல் அவர் செய்தது சில அங்குலத் தவறு. திறமையான ஆட்டக்காரர். அவரை வில்லனாகவே நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

1999 நவம்பரில் ஆஸ்டினை ஒரு கார் மோதித் தூக்கி எறிவதைப் பார்த்து நாம் பதறினோம். அது நாடகம். நிஜத்தில் ஆபரேஷனுக்கு விடுப்பு. 2000 ஜனவரியில் சான் அன்டோனியோவில் டாக்டர் லாயிட் யங்பிளட் 3-வது, 4-வது கழுத்தெலும்புகளை ஒன்றாக இணைத்தார். பின்னாளில் எட்ஜ் உட்படப் பல வீரர்களின் கழுத்து அவர் கைக்குத்தான் போனது. இந்த ஆபரேஷன் கழுத்தைப் புதுசாக்காது. இணைத்த எலும்புகள் அசையாது என்பதால் மேலும் கீழும் உள்ள எலும்புகள் கூடுதல் சுமை தாங்கும். ஒன்பது மாதத்தில் திரும்பி வந்தார்.

2002ஐ மறைக்க விரும்பவில்லை. கதை பிடிக்கவில்லை என்று வேலையை விட்டு வெளியேறினார். அதே மாதம் மனைவியை அடித்த வழக்கு. நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. கழுத்து வலி இதற்குச் சமாதானம் ஆகாது.

2003 மார்ச் 30, சியாட்டில். எதிரில் தி ராக். முந்தைய நாள் நெஞ்சு படபடத்து, கால்கள் நடுங்கி ஆஸ்பத்திரியில் இருந்தார். அளவில்லாமல் காபியும் எனர்ஜி டிரிங்க்கும் குடித்ததாக அவரே சொன்னார். காலையில் வெளியே வந்து, மாலையில் சண்டை போட்டுத் தோற்றார். இது கடைசிப் போட்டி என்று ரசிகர்களிடம் யாரும் சொல்லவில்லை. வயது 38.

மறுநாள் டி.வி.யில், மருத்துவ ரீதியாகத் தகுதியில்லை என்று அவரை வேலையை விட்டு நீக்குவது போல் காட்சி. நீக்கியவர் யார் தெரியுமா? எரிக் பிஷாஃப். 1995ல் நிஜம், 2003ல் நடிப்பு.

19 வருஷம் கழித்து, 2022 ஏப்ரல் 2ல், 57 வயதில் டெக்சாஸில் ஒரே ஒரு சண்டைக்குத் திரும்பினார். கெவின் ஓவன்ஸ் அவரைத் தூக்கி கான்கிரீட் தரையில் முதுகு படப் போட்டார். அரங்கமே கத்திக்கொண்டிருக்க, நான் அவர் கால் அசையுதான்னு தான் பார்த்தேன். அசைஞ்சுது. எழுந்து, வழக்கம் போல ஸ்டன்னர் போட்டு ஜெயிச்சுட்டு, ரெண்டு கையிலயும் பீர் கேனை உடைச்சு மேல ஊத்திக்கிட்டார்.

உங்க கார்டுக் கட்டுல யாரை யாருக்கும் கொடுக்காம ஒளிச்சு வெச்சீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க.