ஆஸ்டியோசார்கோமா: ஓர் எலும்புப் புற்றைப் பிரித்தறிந்த வரலாறு

ஆஸ்டியோசார்கோமா எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய். நடுவயதுக்கு மேல் எலும்பில் காணப்படும் புற்றுகளில் பெரும்பாலானவை மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் போன்ற உறுப்புகளில் தோன்றி எலும்புக்குப் பரவியவை. எலும்பில் முதன்முதலாக உருவாகும் புற்று மிக அரிது. அந்த அரிய கூட்டத்தில் சிறுவர்களையும் இளைஞர்களையும் அதிகம் தாக்குவது இதுதான். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்கு வருகிறது. எலும்பு வேகமாக நீளும் பதின்பருவத்தில்தான் மிகுதி. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் இரண்டாவதாக ஒரு சிறு ஏற்றமும் உண்டு. பாதிக்கும் மேற்பட்டவை முழங்காலைச் சுற்றியே தோன்றுகின்றன. தொடையெலும்பின் கீழ்முனை முதலிடம். அடுத்து கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, பிறகு தோளை ஒட்டிய மேற்கை எலும்பு.

இதை மற்ற கட்டிகளிலிருந்து பிரிக்கும் அடையாளம் ஒன்றுதான்: புற்றுச் செல்லே எலும்பை உண்டாக்குகிறது. இறுகாத இளம் எலும்புப் பொருளுக்கு ஆஸ்டியாய்டு என்று பெயர். சாயமேற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், உருக்குலைந்த பெரிய உட்கருக்களைக் கொண்ட செல்களுக்கு இடையே இளஞ்சிவப்பாக ஆஸ்டியாய்டு படிந்திருக்கும். ஆனால் ஆறிவரும் எலும்பு முறிவிலும் புதிய ஆஸ்டியாய்டு இருக்கும். அதனால் கண்ணாடித் தகட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்லும் நோய்க்குறியியலாளர் தவறிவிடக்கூடும். எலும்பு மருத்துவர், எக்ஸ்ரே பார்ப்பவர், திசு பார்ப்பவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுப்பதே நல்ல மருத்துவமனைகளின் வழக்கம். இந்த வழக்கத்துக்கு வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

நோய் மனிதனைவிட மூத்தது. ஜெர்மனியில் கிடைத்த, ஆமைகளின் மூதாதையான ஒரு விலங்கின் தொடையெலும்பில் ஆஸ்டியோசார்கோமா இருந்ததை 2019இல் அறிவித்தார்கள். அந்தப் புதைபடிவத்தின் வயது ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1989இல் எடுக்கப்பட்ட சென்ட்ரோசாரஸ் என்னும் கொம்புடைய டைனோசரின் கால் எலும்பு, ஆறிய முறிவு என்றே நெடுநாள் கருதப்பட்டது. மனிதப் புற்றைப் படிக்கும் மருத்துவர்கள் சி.டி. ஸ்கேனும் நுண்ணோக்கியும் கொண்டு அதை ஆராய்ந்து, ஆஸ்டியோசார்கோமா என்று 2020இல் உறுதிப்படுத்தினார்கள். தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்க்ரான்ஸ் குகையில் கிடைத்த, மனித மூதாதையர் ஒருவரின் கால்பாத எலும்பில் இதே நோய் உண்டு. அதன் வயது சுமார் 17 லட்சம் ஆண்டுகள். புகையும் ஆலையும் இல்லாத உலகிலும் வளரும் எலும்பு இப்படித் தடம் புரண்டிருக்கிறது என்பதை, ‘எங்கே தவறு செய்தோம்’ என்று தங்களையே நொந்துகொள்ளும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

பெயர் 1805இல் வந்தது. நெப்போலியனின் அறுவை மருத்துவராக இருந்த அலெக்ஸி போயே எலும்பு நோய்களைப் பற்றி எழுதும்போது இச்சொல்லைப் பயன்படுத்தினார். ஆனாலும் 19ஆம் நூற்றாண்டில் வீங்கிய எலும்பு என்றால் அது காசநோயா, சீழா, புற்றா என்று பிரிக்க வழி குறைவு. எக்ஸ்ரே கிடையாது. 1879இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சாமுவேல் வெயிசல் கிராஸ், நீண்ட எலும்புகளில் வந்த 165 சார்கோமாக்களைத் தொகுத்து, தாமதிக்காமல் உறுப்பை நீக்கவேண்டும் என்று வாதிட்டார். நோய் காலில் நிற்காமல் நுரையீரலுக்குப் போய்விடுகிறது என்பதை அறுவை மருத்துவர்கள் அப்போதே கசப்போடு கண்டிருந்தார்கள்.

1895இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகுதான் உயிரோடிருக்கும் எலும்பைப் பார்க்க முடிந்தது. அதைக் கற்றுத் தந்தவர்களில் முதன்மையானவர் பாஸ்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் அமோரி காட்மன். ஒவ்வொரு நோயாளியும் சிகிச்சைக்குப் பின் என்ன ஆனார் என்று மருத்துவமனைகள் தேடிப் பதியவேண்டும் என வற்புறுத்தி, சக மருத்துவர்களின் பகையைச் சம்பாதித்தவர் அவர். 1920 வாக்கில் அவர் தொடங்கிய எலும்புச் சார்கோமா பதிவேடு அமெரிக்காவெங்கும் இருந்து படங்களையும் திசுத் தகடுகளையும் வரவழைத்தது. ஒரே கட்டிக்கு ஊருக்கு ஒரு பெயர் வைத்திருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. அவர் பெயரால் வழங்கும் காட்மன் முக்கோணத்தை இன்றும் எக்ஸ்ரேயில் தேடுகிறோம். கட்டி எலும்பைப் பிளந்து வெளியே வரும்போது மேலுறையைத் தூக்கிவிடுகிறது. தூக்கப்பட்ட உறையின் ஓரத்தில் புது எலும்பு படிந்து, கோணலான ஒரு முனையாகத் தெரிகிறது. வேகமாக வளரும் பிற கட்டிகளிலும் ஏன் சீழ் நோயிலும்கூட இது தெரியலாம் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை.

அந்தப் பதிவேட்டில் காட்மனோடு உழைத்த ஜேம்ஸ் யூவிங், 1921இல் ஒரு புதுக் கட்டியை விவரித்தார். எலும்பு எதையும் உண்டாக்காத சிறிய வட்டச் செல்கள். கதிர்வீச்சுக்கு விரைவில் சுருங்கும் தன்மை. இதுவே பின்னர் யூவிங் சார்கோமா எனப்பட்டது. இதுவும் சிறுவரின் நோய்தான். ஆனால் எலும்பின் முனையைவிட நடுத்தண்டையும் இடுப்பு, விலா போன்ற தட்டை எலும்புகளையும் விரும்பும். காய்ச்சலோடு வந்து சீழ் என்று ஏமாற்றும். எக்ஸ்ரேயில் மேலுறை வெங்காயத் தோலாக அடுக்கடுக்காகத் தெரியலாம். ஆஸ்டியோசார்கோமா கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாது, யூவிங் மசியும். ஆகவே இரண்டையும் பிரிப்பது வெறும் ஏட்டு வேலையாக இருக்கவில்லை.

அடுத்துப் பிரிந்தது காண்ட்ரோசார்கோமா. 1930இல் சிகாகோவின் டல்லஸ் ஃபெமிஸ்டர், குருத்தெலும்பை உண்டாக்கும் புற்றைத் தனி நோயாகக் காட்டினார். பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல், இடுப்பிலும் தொடையிலும் மெல்ல வளர்வது. கீமோதெரபியும் கதிர்வீச்சும் பொதுவாக உதவாததால் முழுமையான அறுவையே அதற்கு மருந்து. 1940இல் நியூயார்க்கின் ஹென்றி ஜாஃபியும் லூயிஸ் லிக்டன்ஸ்டைனும் இராட்சத செல் கட்டியின் எல்லையை வரைந்தார்கள். வளர்ச்சி முடிந்த இருபது முதல் நாற்பது வயதினருக்கு, மூட்டை ஒட்டிய எலும்பு முனையில் வரும் இக்கட்டி எலும்பை அரித்துத் தின்னும். ஆனால் பெரும்பாலும் புற்றாகாது. சுரண்டியெடுத்தாலே போதுமான ஒருவருக்கு ஆஸ்டியோசார்கோமா என்று எண்ணிக் காலை எடுத்துவிட்டால் அந்த இழப்பை யாரால் ஈடுசெய்ய முடியும்? ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவையும் ஜாஃபிதான் 1935இல் அடையாளம் காட்டினார். அது சிறிய, தீங்கற்ற கட்டி. இரவில் குடையும் அதன் வலி ஆஸ்பிரின் போட்டால் அடங்கிவிடும்.

காரணங்களில் தெளிவானது கதிரியக்கம். முதல் உலகப் போர்க் காலத்திலும் பிறகும் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகர ஆலையில் இளம்பெண்கள் கைக்கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த ஒளிரும் சாயம் பூசினார்கள். தூரிகையின் நுனி கூராக இருக்க உதட்டில் வைத்துக் குவிக்கும்படி கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குவிப்பிலும் கொஞ்சம் ரேடியம் உள்ளே போனது. ரேடியம் கால்சியத்தைப் போன்றது. உடல் அதை எலும்பில் சேர்த்துக்கொள்ளும். முதலில் தாடை அழுகியது. பின்னர் சிலருக்கு ஆஸ்டியோசார்கோமா வந்தது. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1929இல் வெளியிட்டவர் ஆலை இருந்த மாவட்டத்தின் மருத்துவ அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படி ஒரு காரணத்தைக் காட்டமுடிவதில்லை. பரம்பரைக் கண்புற்றிலிருந்து தப்பிய குழந்தைகளுக்கு இந்நோய் அதிகம் வருகிறது. இரண்டுக்கும் பின்னால் இருக்கும் ஆர்பி1 மரபணுவை 1986இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். டிபி53 மரபணுக் கோளாறும் ஆபத்தைக் கூட்டும். யூவிங் சார்கோமாவில் இரு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட தடத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆஸ்டியோசார்கோமாவில் அப்படி ஒரு தனி முத்திரை இல்லை. குரோமோசோம்களே நொறுங்கிக் கலைந்து கிடக்கின்றன. இலக்கு வைத்துத் தாக்கும் மருந்து இதற்கு எளிதில் அமையாததற்கு இது முக்கியமான காரணம்.

1970 வரை சிகிச்சை என்பது காலை எடுப்பது. எடுத்தும் ஐந்தில் ஒருவர்தான் பிழைத்தார். மற்றவர்களுக்குச் சில மாதங்களிலேயே நுரையீரலில் நோய் தெரிந்தது. பிரிட்டனின் ஸ்டான்ஃபர்ட் கேட் முதலில் கதிர்வீச்சு கொடுத்துச் சில மாதம் காத்திருந்து, நுரையீரல் சுத்தமாக இருப்பவர்களுக்கு மட்டும் உறுப்பை நீக்கினார். எப்படியும் இறக்கப்போகும் குழந்தை காலையும் இழக்கவேண்டாம் என்பதே அவர் எண்ணம். கையில் மருந்து இல்லாத காலத்தின் கருணை அது.

மருந்து வந்த வழியில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் தலைமையேற்ற குழு ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான மருந்துகளை உருவாக்கியது. மெத்தோட்ரெக்சேட் அவற்றில் ஒன்று. 1974இல் பாஸ்டனின் நார்மன் ஜாஃபி, உயர் அளவு மெத்தோட்ரெக்சேட் ஆஸ்டியோசார்கோமாவுக்குப் பலன் தருவதை அறிவித்தார். அதே ஆண்டு டாக்சோரூபிசின் பற்றியும் நல்ல செய்தி வந்தது. முடக்குவாதத்துக்கு வாரம் பத்து, பதினைந்து மில்லிகிராம் தரும் அதே மெத்தோட்ரெக்சேட்டை இங்கே உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 12 கிராம் என்ற கணக்கில் சில மணி நேரத்தில் ஏற்றுகிறார்கள். அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மறுநாள் லூக்கோவோரின் என்னும் மாற்று மருந்து தொடங்கி, இரத்தத்தில் அளவு இறங்கும்வரை நிறுத்தாமல் கொடுப்பார்கள். சிறுநீர் காரத்தன்மையோடு இருக்கிறதா என்று இரவும் பகலும் சோதிப்பார்கள். எந்தக் கவனக்குறைவையும் பொறுக்காத சிகிச்சை இது.

ஆனாலும் எல்லாரும் நம்பவில்லை. மருந்தே பெறாதவர்களும் தங்களிடம் முன்பைவிட அதிகம் பிழைக்கிறார்கள் என்றது மேயோ மருத்துவமனை. அது நடத்திய சிறு ஆய்விலும் வேறுபாடு தெரியவில்லை. அதைத் தீர்க்கச் சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளிகளைப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. மைக்கேல் லிங்க்கும் கூட்டாளிகளும் 1986இல் வெளியிட்ட முடிவு: அறுவை மட்டும் பெற்றவர்களில் இரண்டாண்டு நோய் திரும்பாமல் இருந்தோர் 17 விழுக்காடு, கீமோதெரபியும் பெற்றவர்களில் 66. அந்தக் கேள்விக்கு அத்துடன் முற்றுப்புள்ளி. இந்த இடைக்காலத்தைச் சேர்ந்தவர்தான் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். 1977இல் இந்நோயால் வலக்காலை இழந்தார். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நுரையீரலில் நோய் திரும்பியதால் ஓட்டத்தை நிறுத்தினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் 22 வயதில் இறந்தார்.

காலைக் காப்பாற்றும் அறுவை இதே ஆண்டுகளில் வளர்ந்தது. நோயாளியின் அளவுக்கு உலோக மூட்டு செய்துவர மாதக்கணக்கில் ஆனதால், நியூயார்க்கின் ஜெரால்ட் ரோசன் அந்த இடைவெளியில் கீமோதெரபியைத் தொடங்கிவிட்டார். வெட்டியெடுத்த கட்டியில் எவ்வளவு செத்திருக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பும் இதனால் கிடைத்தது. 90 விழுக்காட்டுக்கு மேல் செத்திருந்தால் நல்ல அறிகுறி. வியன்னாவில் முழங்கால் பகுதியை அகற்றி, கீழ்க்காலை 180 பாகை திருப்பித் தொடையோடு பொருத்தி, கணுக்காலையே முழங்காலாக இயங்கவைத்தார்கள். பார்வைக்குப் புதிராக இருந்தாலும் வளரும் குழந்தை அதில் ஓடி விளையாடுகிறது. வெளிநாட்டு உலோக மூட்டின் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தபோது, சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பேராசிரியர் மயில்வாகனன் நடராஜன், உள்நாட்டிலேயே ஆளுக்கேற்றபடி செய்த மூட்டுகளைப் பொருத்திக் கால்களைக் காத்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய கொடை.

இன்றும் முதல் தவறு பெரும்பாலும் தொடக்கத்திலேயே நடக்கிறது. விளையாடும்போது அடிபட்டது என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவுகிறார்கள், கட்டுப் போடுகிறார்கள், வாரங்கள் ஓடுகின்றன. அடி நோயை உண்டாக்குவதில்லை. இருக்கும் நோயின்மீது கவனத்தைத் திருப்புகிறது, அவ்வளவே. ஓய்விலும் இரவிலும் குறையாத வலியும் கூடிக்கொண்டே போகும் வீக்கமும் இருந்தால் எக்ஸ்ரே எடுத்தாகவேண்டும். அடுத்த தவறு, சோதனைக்குத் திசு எடுக்கும் பயாப்சியில். ஊசி நுழைந்த தடத்தையும் பின்னர் கட்டியோடு சேர்த்து அகற்றவேண்டும். தவறான இடத்தில் குத்தினால் காப்பாற்றக்கூடிய காலும் போய்விடும். ஹென்றி மான்கின் 1982இல் 329 நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டியபோது, பிழையான பயாப்சியால் 4.5 விழுக்காட்டினர் தேவையில்லாமல் உறுப்பை இழந்திருந்தார்கள். 1996இல் மீண்டும் பார்த்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கடைசி அறுவையைச் செய்யப்போகும் மருத்துவரே பயாப்சியையும் திட்டமிடவேண்டும் என்ற விதி அங்கிருந்து வலுப்பெற்றது.

மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று மருந்துகள்தான் இன்றும் அடிப்படை. மருந்துக்குச் சரியாகச் சாகாத கட்டிகளுக்கு மேலும் இரண்டைச் சேர்த்துப் பார்த்தது, 17 நாடுகளில் 2,260 பேரைப் பதிந்த யூராமோஸ் ஆய்வு. பலன் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது என்று 2016இல் வெளியிட்டார்கள். பரவாத நிலையில் கண்டறியப்பட்டால் மூன்றில் இருவர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். இந்தக் கணக்கு 1980களிலிருந்து அதிகம் நகரவில்லை. நோய் நுரையீரலில் மட்டும் சில முடிச்சுகளாகத் திரும்பினால், முடிந்தவரை எல்லாவற்றையும் அறுத்தெடுப்பதே முதல் வழி. அப்படி இரண்டு மூன்று முறை மார்பறுவை செய்துகொண்டு நீண்டகாலம் வாழ்பவர்களும் உண்டு. அதனால்தான் சிகிச்சை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் நுரையீரல் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.