ஈரல் குழம்பு

ஈரல் குழம்பு என்பது ஆட்டின் கல்லீரலைத் துண்டுகளாக நறுக்கி, தேங்காய்ப்பாலும் அரைத்த கசகசாவும் சேர்த்த கெட்டியான மசாலாவில் சில நிமிடங்களே வேகவைத்து எடுக்கும் அசைவக் குழம்பு. தமிழ்நாடெங்கும் செய்யப்படுகிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வீடுகளில் இது ஞாயிற்றுக்கிழமைச் சமையல். இட்லி, தோசைக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும்.

கறிக்கடையில் வெறுமனே 'ஈரல்' என்று கேட்டால் கல்லீரலைத்தான் வெட்டித் தருவார்கள். மண்ணீரலுக்குச் 'சுவரொட்டி' என்றும் சிறுநீரகத்துக்குக் 'குண்டிக்காய்' என்றும் தனிப்பெயர்கள் உண்டு. ஈரலும் அதை ஒட்டிய உறுப்புகளும் கொத்தாகத் தொங்குவது ஈரக்குலை. பெரும் அச்சம் வந்தால் 'ஈரக்குலை நடுங்கிப்போச்சு' என்பது வழக்கு. உயிர் தங்கியிருக்கும் இடங்களில் ஒன்றாக ஈரலை மக்கள் எண்ணியதற்கு இச்சொல்லே சான்று.

விழுப்புரம் வட்டாரம் நிலக்கடலை விளையும் மண். கடலையை இங்கே மல்லாட்டை என்பார்கள், மணிலா என்றும் சொல்வார்கள். திண்டிவனத்தில் இயங்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'டிஎம்வி' கடலை ரகங்கள் ஊரின் பெயரையே முதலெழுத்துகளாகத் தாங்கியிருக்கின்றன. ஆகவே இவ்வட்டாரத்தில் ஈரலைத் தாளிக்கச் செக்கில் ஆட்டிய மணிலா எண்ணெய் இயல்பாகக் கைக்கு வருகிறது. மசாலாவைக் கெட்டியாக்கும் முந்திரி பக்கத்துப் பண்ருட்டிச் சரக்கு. திண்டிவனம் என்பது புளியமரக் காட்டைக் குறிக்கும் 'திந்திரிவனம்' என்பதன் திரிபு என்பர். புளிக்குப் பேர்போன ஊரானாலும் இந்தக் குழம்பில் புளி சேர்க்காமலிருப்பதே நல்லது. புளிப்பு மிகுந்தால் தேங்காய்ப்பால் திரியும், ஈரலின் லேசான இனிப்பும் மறைந்துவிடும். ஒரு தக்காளி போதும்.

ஈரலைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிச் சமையல் இருக்கிறது. அன்று காலை அறுத்த ஆட்டின் ஈரலாக இருக்க வேண்டும். கருஞ்சிவப்பாகப் பளபளத்து, விரலால் அழுத்தினால் மீண்டு எழ வேண்டும். இளம் ஆட்டின் ஈரல் நிறம் சற்று வெளுத்தும் மென்மையாகவும் இருக்கும். பித்தப்பையைக் கடைக்காரர் உடையாமல் எடுத்தாரா என்று பார்த்து வாங்க வேண்டும். பித்தநீர் பட்ட இடம் பச்சையாகத் தெரியும், எத்தனை கழுவினாலும் கசப்பு போகாது, அதை வெட்டி எறிவதுதான் வழி. ஏரிக்கரை, குட்டைகளில் மேயும் ஆடுகளுக்கு நத்தை வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு தொற்றுவது உண்டு. அத்தகைய ஈரலில் பித்தக் குழாய்கள் தடித்து வெள்ளையாகத் தெரியும். அப்படிப்பட்டதை வாங்கக் கூடாது.

வீட்டில் செய்பவர்கள் பொதுவாகச் சொல்லும் குறை, 'ஈரல் ரப்பர் மாதிரி ஆயிடுச்சு' என்பது. காரணம் எளிது. தொடைக்கறியில் இணைப்புத்திசு அதிகம், அது கரைந்து மெதுவாவதற்கு நெடுநேரம் வேக வேண்டும். ஈரலில் அந்தத் திசு மிகக் குறைவு. பிறவியிலேயே மெதுவான அதை மேலும் வேகவிட்டால் புரதம் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. கறியோடு சேர்த்துக் குக்கரில் போட்டு நான்கு விசில் விடுவதைப் போல ஈரலைக் கெடுக்கும் செயல் வேறில்லை.

அரைக் கிலோ ஈரலுக்கு முறை இது. மேலே படிந்திருக்கும் மெல்லிய சவ்வை நகத்தால் நிமிண்டி இழுத்தால் தோலாக உரிந்து வரும். அதை விட்டுவிட்டால் வேகும்போது சவ்வு சுருங்கித் துண்டுகள் சுருண்டுகொள்ளும். தடித்த குழாய்களை நீக்கி, கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக்கி, மஞ்சள்தூள் கலந்த நீரில் இரண்டு முறை அலசி வடிகட்ட வேண்டும். உப்பைத் தடவி ஊறவைக்க வேண்டாம். நீர் கசிந்து துண்டு இறுகும்.

அரைமூடித் தேங்காயைத் துருவி முதற்பாலைத் தனியாகவும் இரண்டாம் பாலைத் தனியாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தேக்கரண்டி கசகசா, பத்து முந்திரி, ஒரு தேக்கரண்டி சோம்பு இவற்றை வெந்நீரில் ஊறவைத்து வெண்ணெய் போல அரைக்க வேண்டும். மணிலா எண்ணெயில் பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை நிறையச் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி என்று வரிசையாக வதக்கி, இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து, இரண்டாம் பாலும் அரைத்த விழுதும் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாடை போய் எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை ஈரல் சட்டிப் பக்கமே வரக் கூடாது.

குழம்பு முழுதும் தயாரான பின்பே ஈரலைப் போட வேண்டும். போட்டதும் மேல்பக்கம் சிவப்பு மாறிச் சாம்பல் கலந்த பழுப்பாகும். மிதமான தீயில் ஐந்து முதல் ஏழு நிமிடம். ஒரு துண்டை எடுத்துக் கீறிப் பார்த்தால் நடுவில் இரத்தநீர் ஊறக் கூடாது. லேசான இளஞ்சிவப்பு மறைந்த அந்த நொடியே பதம். உள்வெப்பம் 71 பாகை செல்சியசைத் தொட்டால் நோய்க்கிருமிகள் அழியும். கோழி ஈரலுக்கு இன்னும் சற்றுக் கூடுதல் வெப்பம் தேவை. அடுப்பைத் தணித்து முதற்பாலை ஊற்றி, புதிதாகப் பொடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி தூவி, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும்.

ரஷ்யர்கள் ஈரலைப் புளித்த பாலேட்டில் சமைக்கிறார்கள். வெனிஸ் நகரத்தார் நிறைய வெங்காயத்தோடு வதக்குகிறார்கள். கொழுப்புச் சத்துள்ள கெட்டிக் குழம்பு ஈரலின் இரும்பு வாடையைத் தணிக்கும் என்பதைப் பல நாட்டு அடுப்படிகளும் கண்டறிந்திருக்கின்றன. பாலேடு செய்யும் அந்த வேலையை நம்மிடம் தேங்காய்ப்பால் செய்கிறது.

ஈரல் இரத்தம் ஊறவைக்கும் என்ற பாட்டிமார் சொல்லுக்கு அறிவியல் வரலாறு துணைநிற்கிறது. கொடிய இரத்தச்சோகைக்கு ஈரல் உணவால் மருத்துவம் கண்டதற்காக விப்பிள், மைனாட், மர்ஃபி மூவருக்கும் 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928 முதல் பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களின் பேறுகாலச் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டிலும் ஈரலிலும் அதைத் தீர்க்கும் பொருள் ஒன்று இருப்பதைக் காட்டினார். அது ஃபோலிக் அமிலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தார் 1945-இல் அதைச் செயற்கையாக ஆக்கினர். வைட்டமின் பி12-ஐ 1948-இல் ஈரலிலிருந்தே பிரித்தெடுத்தார்கள். நூறு கிராம் ஈரலில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. அதன் இரும்புச்சத்தில் ஒரு பகுதி, கீரையின் இரும்பைவிட எளிதில் உடலில் சேரும் வகை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. அந்த நிலையில் வீட்டு ஆண்களின் தட்டுக்கு முதலில் போகும் ஈரல், பெண்களின் தட்டுக்கும் போக வேண்டும்.

யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுவலி உள்ளவர்களும் கொழுப்புக்கு மருந்து உண்பவர்களும் இதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளின் நிலை வேறு. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். நூறு கிராமிலேயே பல நாள் தேவைக்கான அளவு அடங்கிவிடும். கருவுற்ற தொடக்க மாதங்களில் அது அளவுமீறினால் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். 'ரத்தம் ஊறும், சாப்பிடுமா' என்று கர்ப்பிணிக்கு வாராவாரம் ஈரல் ஆக்கிப்போடும் வீட்டார் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் மருத்துவரைக் கேட்டபிறகே கொடுங்கள். எப்படியானாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறாமல் விழுங்கச் சொல்லுங்கள்.