தாழ்மை: ஒரு சொல்லின் வரலாறும் திருவிதாங்கூர்ச் சமுதாயமும்

கிறித்தவ அறவியலில் செருக்கு தீமைகளின் வேராகவும் தாழ்மை நற்பண்புகளின் அடித்தளமாகவும் கொள்ளப்படுகின்றன. 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த முதலாம் கிரகோரி, செருக்கினின்றே பிற தீமைகள் கிளைக்கின்றன என வகுத்துரைத்தார். இக்கருத்து தமிழில் பெயர்க்கப்பட்டபோது இரு சொற்களின் பொருள் இடம் மாறியது.

‘பெருமை’ தமிழ் மரபில் உயர்ந்த பண்பாகும். திருக்குறளின் 98ஆம் அதிகாரம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது; பெருமையுடையோர் பணிவுடையோர் என்பதும் அங்கே கூறப்படும் கருத்து. கிறித்தவத் தமிழிலோ, இறைவனின் மேன்மையைக் குறிக்க ‘மகிமை’ வழக்கூன்றியது. ‘பெருமை’ கண்டிக்கத்தக்க குணத்தின் பெயராயிற்று. இது இழிபொருட் பேறு. இழிவையும் கீழ்நிலையையும் சுட்டிவந்த ‘தாழ்மை’ போற்றத்தக்க பண்பின் பெயராயிற்று. இது உயர்பொருட் பேறு. ‘தாழ்’ என்னும் வினையடிக்கு வணங்குதல் என்ற பொருளும் இருந்தமை இம்மாற்றத்திற்குத் துணைசெய்தது.

கிரேக்கத்திலும் இத்தகைய மாற்றமே நிகழ்ந்தது. ‘தபெய்னொஸ்’ என்னும் சொல் பழங்கிரேக்கத்தில் பெரும்பாலும் கீழ்நிலையையும் அடிமைத்தன்மையையும் குறித்தது. புதிய ஏற்பாட்டில் அதனோடு மனத்தைக் குறிக்கும் சொல் இணைந்து ‘தபெய்னொப்ரொசுனே’ என்னும் பண்புப்பெயர் வழங்குகிறது. தமிழ் மொழிபெயர்ப்பின் ‘மனத்தாழ்மை’ இத்தொகையமைப்பை அப்படியே ஒத்தது.

இச்சொல் சென்று சேர்ந்த சமுதாயம் எத்தகையது என்பதும் கருதத்தக்கது. இலண்டன் மிஷன் சங்கத்தின் பணி 1806இல் ரிங்கல்தௌபே வழியாகத் தென் திருவிதாங்கூரில் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் 1838இல் ஜான் காக்ஸ் அதனை நிறுவினார். பின்னர் அந்நகரில் பணியாற்றிய சாமுவேல் மேட்டீர், 1871இல் வெளியான தம் நூலில் புலையர் பேச வேண்டியிருந்த முறையைப் பதிவு செய்துள்ளார். உயர்சாதியினர் முன் அவர்கள் ‘நான்’ எனக் கூறலாகாது. ‘அடியன்’ என்றே கூற வேண்டும். தம் சோற்றைச் ‘சோறு’ எனல் ஆகாது. ‘கரிக்காடி’ எனல் வேண்டும். தம் மக்களைக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோ குறிப்பிட வேண்டும்.

இங்குத் தாழ்மை இலக்கணமாகவே விதிக்கப்பட்டிருந்தது. அதனைப் பண்பு எனக் கொள்ள இயலாது. ஒரு சாரார் செருக்கு மற்றொரு சாரார் நாவிலிருந்து வாங்கிய வரி அது. 1855இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1859இல் சாணார் குலப் பெண்கள் மேலாடை அணிய அரச அறிக்கை இசைவளித்தது. எனினும், உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற வரம்பும் அதில் இருந்தது. சொல்லில் இருந்த தாழ்வு உடையிலும் காக்கப்பட்டது.

இத்தகைய மக்களிடம் ‘தாழ்மையாயிருங்கள்’ என்று போதிப்பது இருமுனைக் கத்தியாகும். ஏற்கெனவே தாழ்த்தப்பட்டோர்க்கு அது அடங்கியிருக்க இடும் ஆணையாகவே ஒலிக்கலாம். ஆயின் பிலிப்பியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் தாழ்மையை உயர்ந்தவரிடமிருந்து தொடங்குகிறது. இறைநிலையில் இருந்தவர் தாமே அடிமையின் வடிவை ஏற்றார் என்பது அதன் செய்தி. ‘அடியன்’ என்று கூறக் கட்டாயப்படுத்தப்பட்டவனுக்கு இச்செய்தி ஆணையாகாது. அவனுடைய மதிப்பின் அறிவிப்பாகும். தாழ வேண்டியவன் உயரத்தில் நிற்பவனே.

எனவே நிலையைக் குறிக்கும் தாழ்மையையும் பண்பைக் குறிக்கும் தாழ்மையையும் பிரித்தறிதல் மொழிபெயர்ப்பாளர் கடமையாகிறது. லூக்கா நற்செய்தியில் மரியாளின் பாடலில் வருவது நிலையே. பவர் தலைமையில் உருவான ஐக்கியத் திருப்புதல் அங்குத் ‘தாழ்மை’ என்றே பெயர்த்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘தாழ்நிலை’ என்றது. ‘தாழ்மை’ என்றால் மரியாள் தம் பண்பைத் தாமே புகழ்வதாகப் படிப்போர் கொள்ளலாம். ‘தாழ்நிலை’ என்றால் கடவுள் எளியோரை நோக்கினார் என்பது தெளிவாகும்.

தாழ்நிலை பிறரால் சுமத்தப்படுவது. மனத்தாழ்மை தன்னுரிமையோடு மேற்கொள்ளப்படுவது. ‘நான்’ என்று கூறும் உரிமை பெற்றவனே அந்த ‘நான்’ என்பதை விட்டுக்கொடுக்கவும் வல்லவன். திருவிதாங்கூரின் மொழிவழக்கு வரலாறு உணர்த்தும் உண்மை இதுவாகும்.