மினி-ஐகால்

மதுரைக்கு மேற்கே வடபழஞ்சியில் 2018 முதல் இயங்கிவரும் மியூவான் உணர்கருவி. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட சுமார் 50,000 டன் நியூட்ரினோ உணர்கருவிக்கு இது முன்மாதிரி. எடை 85 டன்.

காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது உண்டாகும் துகள்களிலிருந்து மியூவான்கள் என்னும் மின்னூட்டத் துகள்கள் பிறக்கின்றன. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று விழுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரமோ ராஜபாளையத்து நூற்பாலைக் கூரையோ அதைத் தடுப்பதில்லை.

கருவியில் 11 இரும்பு அடுக்குகள். இடையிடையே கண்ணாடி உணரிகள். ஒவ்வோர் உணரியிலும் இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் வாயு ஓட, குறுக்கே சுமார் 10,000 வோல்ட் மின்னழுத்தம். மியூவான் கடந்த இடத்தில் மட்டும் நுண்ணிய மின்னிறக்கம் நிகழும். அடுக்கடுக்காகப் பதிவான புள்ளிகளை இணைத்தால் பாதை கிடைக்கும். இரும்பு காந்தமூட்டப்பட்டிருப்பதால் பாதை வளையும் திசையிலிருந்து துகளின் மின்னூட்டம் நேரா, எதிரா என்பதும் தெரியும். இக்கருவியின் சிறப்பே அதுதான்.

மியூவான் பாதையைக் கண்ணால் காண ஆர்வலர்களுக்கு மேக அறை போதும். மூடிய கண்ணாடிப் பெட்டியின் மேற்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துணி, அடியில் −78 டிகிரி செல்சியஸ் உலர்பனி. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் துகள்களின் தடங்கள் வெண்கோடுகளாகத் தெரியும்: தடித்துக் குறுகியது ஆல்ஃபா துகள், நேராக மெலிந்தது பெரும்பாலும் மியூவான். பள்ளி ஆய்வகங்கள் அவசியம் செய்ய வேண்டிய சோதனை இது. உலர்பனியை வெறுங்கையால் தொடக் கூடாது.