புல்லட்டின் முகத்தில் மூன்று விளக்குகள்

மோட்டார் சைக்கிளின் முதல் விளக்குகளுக்கு ஒயரே கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கால்சியம் கார்பைடு மீது தண்ணீர் சொட்டவிட்டு, அதில் பிறந்த அசிட்டிலின் வாயுவைக் கொளுத்தித்தான் இரவில் வண்டி ஓட்டினார்கள். டைனமோவும் பேட்டரியும் பின்னால் வந்தன.

1954இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு, புல்லட்டுக்குப் புது முகப்பு வார்த்தது. நடுவே பெரிய விளக்கு, இருபுறமும் சிறு பைலட் விளக்குகள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. அதன் திருவொற்றியூர் ஆலையின் புல்லட்டுகளும் அதே முகத்தோடு சாலைக்கு வந்தன.

பைலட் விளக்கு வண்டியை அடையாளம் காட்டும், வழியைக் காட்டாது. பழைய 6 வோல்ட் அமைப்பில் கூடுதல் விளக்கு மாட்டுவதும் கடினம். 12 வோல்ட்டும், 1960களில் ஐரோப்பியக் கார்களில் அறிமுகமான ஹாலஜன் பல்பும்தான் நிலைமையை மாற்றின.

ஆனால் 55 வாட் விளக்குகள் இரண்டு எரிந்தால் 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். கைப்பிடியின் சிறு சுவிட்ச் அதைத் தாங்காது. அதற்கு விடை, கார்களில் பழகிய ரிலே. சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். பெரிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக விளக்குக்குப் போகும்.

இன்றைய எல்இடி விளக்குகளுக்கு வாட் குறைவுதான். அப்படியிருந்தும், பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் போடாமல் எந்த விளக்கையும் இணைக்காதீர்கள்.