எடெர்னா

மருத்துவ ஆய்வுக்குப் பொதுமக்களின் மூளையைத் துணைசேர்க்கும் இணையப் புதிர் விளையாட்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிஜு தாஸும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் ட்ரூயிலும் உருவாக்கியது. 2011-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2008-ல் வந்த புரத மடிப்பு விளையாட்டான ஃபோல்டிட் இதற்கு முன்னோடி.

திரையில் ஆர்.என்.ஏ. மூலக்கூறின் நான்கு காரங்களும் நான்கு நிற மணிகள்: அடினின் மஞ்சள், யுராசில் நீலம், குவானின் சிவப்பு, சைட்டோசின் பச்சை. சிவப்பும் பச்சையும் இறுகப் பிணையும். மஞ்சளும் நீலமும் அவ்வளவு இறுகாது. மணிகளை மாற்றி மாற்றி, கேட்ட வடிவத்தில் ஆர்.என்.ஏ. சரம் மடியும்படி செய்ய வேண்டும். தேர்வாகும் வடிவமைப்புகள் ஆய்வகத்தில் உண்மையாகவே தயாரிக்கப்பட்டு, நூற்றுக்கு மதிப்பெண் பெறுகின்றன. கணினி சரியென்றது சோதனைக்குழாயில் தோற்பதும் உண்டு. ஆட்டக்காரர்கள் அதிலிருந்து கண்டெடுத்த விதிகள் அன்றைய கணினி நிரல்களை விஞ்சின என்று 2014-ல் ஆய்விதழில் வெளியானது.

நமக்கு மிக நெருக்கமானது எடெர்னாவின் காசநோய்த் திட்டமான ஓப்பன்டிபி. ஸ்டான்ஃபோர்டின் பூர்வேஷ் கத்ரி குழு 2016-ல் இரத்தத்தில் மூன்று மரபணுக்களின் அளவைக் கொண்டு காசநோயை அடையாளம் காணும் முறையை வெளியிட்டது. காசநோய் இருந்தால் இரண்டின் அளவு கூடும், ஒன்றின் அளவு குறையும். இந்தக் கணக்கைத் தானே போடும் ஆர்.என்.ஏ.வை வடிவமைப்பதே ஓப்பன்டிபியின் புதிராக இருந்தது. சளி எடுக்க முடியாத குழந்தைகளுக்கு இரத்தச் சோதனை பெரும் உதவி. சிற்றூர்களுக்கும் மலைக் கிராமங்களுக்கும் வேண்டியது, பெரிய ஆய்வகம் தேவைப்படாத இத்தகைய எளிய சோதனைதான்.

2020-ல் கொரோனா தடுப்பூசிக்கான, எளிதில் சிதையாத எம்.ஆர்.என்.ஏ.வைத் தேடும் புதிர்களும் எடெர்னாவில் இடம்பெற்றன.