பீப்பிள் எக்ஸ்பிரஸ்: ஒரு மலிவுக் கட்டண விமானச்சேவையின் எழுச்சியும் மறைவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விமானப் போக்குவரத்து வரலாற்றிலே பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்னும் கம்பனி நிலைத்திருந்தது ஆறு ஆண்டுகளுக்கும் குறைவான காலமேயாகும். 1981 ஏப்ரில் 30 இல் பறக்கத் தொடங்கிய அது, 1987 பெப்ரவரி 1 இல் கொண்டினென்டல் நிறுவனத்துள் கரைந்து மறைந்தது. இவ்வரலாற்றை வெறும் இலாப நட்டக் கணக்காக நோக்குதல் போதாது. தொழிலாளியைப் பங்குதாரர் ஆக்குவதன் மூலம் உழைப்புக்கும் மூலதனத்துக்கும் இடையிலான முரண்பாட்டைத் தீர்த்துவிடலாமா என்னும் வினா அதனுள் அடங்கியிருப்பதனாலேயே நாம் அதனை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

1938 முதல் அந்நாட்டின் விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் அரச சபையொன்று நிர்ணயித்து வந்தது. 1978 இல் நிறைவேறிய சட்டம் இக்கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்கியது. போட்டி பெருகும், கட்டணம் குறையும் என்பதே அதனை ஆதரித்தோரின் வாதம். இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி டொனால்ட் பர் என்பவர், நியூஜேர்சி மாநிலத்து நியூவார்க் நகரிலே, கைவிடப்பட்டிருந்த பழைய விமான முனையத்தைத் தளமாகக் கொண்டு, ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட மூன்று போயிங் 737 விமானங்களுடன் இச்சேவையைத் தொடங்கினார்.

கட்டணம் எவ்வாறு மலிந்தது? பயணிகள் விமானத்தினுள்ளேயே பணம் செலுத்தினர். ஒப்படைக்கும் பொதி ஒன்றுக்கு 3 டொலரும், ஒரு கோப்பை கோப்பிக்கு 50 சதமும் தனியே அறவிடப்பட்டன. ஆசனங்கள் நெருக்கமாக அமைந்தன. 1983 இல் இலண்டனுக்கான ஒருவழிக் கட்டணம் 149 டொலராக இருந்தது. பஸ்ஸையே நம்பியிருந்த மாணவரும் சிறு வருமானத்தினரும் இதனால் வானில் ஏறினர் என்பது மறுக்கவியலாத உண்மை.

ஆயினும் இம்மலிவின் மற்றொரு தூண் உழைப்பின் ஒழுங்கமைப்பே. நிரந்தர ஊழியர் ஒவ்வொருவரும் கம்பனியின் பங்குகளை வாங்க வேண்டும். அனைவருக்கும் ‘முகாமையாளர்’ என்னும் பட்டமே வழங்கப்பட்டது. விமானிகளும் தரைப்பணி, அலுவலகப்பணி ஆகியவற்றில் ஈடுபட்டனர். சம்பளம் குறைவு, பங்கின் விலையேற்றமே அக்குறையை ஈடுசெய்யும் என எதிர்பார்க்கப்பட்டது. தொழிற்சங்கம் இருக்கவில்லை. பணிநிறுத்தம் செய்த 11,000 இற்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரை றேகன் அரசு பதவிநீக்கியதும் இதே 1981 ஆம் ஆண்டிலேதான் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பங்கு விலை உயர்ந்தவரை ஊழியரின் உற்சாகம் போலியானதன்று. ஆனால், பங்குரிமை வேறு, தீர்மானிக்கும் அதிகாரம் வேறு. விரைவான விரிவாக்கத்தைத் தீர்மானித்தது தலைமையே; அதன் சுமையை ஏற்றவர்கள் ஊழியர்கள். 1985 ஜனவரியில் அமெரிக்கன் எயார்லைன்ஸ், தன் கணினி அமைப்பின் துணையுடன், வெறுமையாகச் செல்லக்கூடிய ஆசனங்களை மட்டும் மிகக் குறைந்த விலைக்கு விற்று, எஞ்சியவற்றை அதிக விலைக்கு விற்கலாயிற்று. அத்தகைய கணினி வசதி பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் இருக்கவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் அது வாங்கிய புரொன்டியர் நிறுவனத்திலோ தொழிற்சங்கங்கள் வேரூன்றியிருந்தன, நட்டமும் பெருகியது. 1986 ஓகஸ்டில் புரொன்டியர் முறிவடைந்தது. பீப்பிள் எக்ஸ்பிரஸும் பிராங்க் லொறென்சோவின் டெக்சாஸ் எயார் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1983 இல் கொண்டினென்டலை முறிவுச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து தொழிற்சங்க ஒப்பந்தங்களைத் தகர்த்தவர் இவரே. பர் முன்னர் பணியாற்றியதும் இவரின் கீழேயாகும்.

இவ்வீழ்ச்சியிலே ஊழியர் இருமடங்கு இழந்தனர். தொழிலின் உறுதி போயிற்று. சேமிப்பாகக் கருதிய பங்குகளும் பெறுமதி இழந்தன. சாதாரண தொழிலாளி தன் வேலையை மட்டுமே இழப்பான்; இவர்களோ முதலாளியின் அபாயத்தையும் சேர்த்துச் சுமந்தனர், முதலாளியின் அதிகாரம் இன்றி. பேரம் பேசுவதற்கு ஒரு சங்கமும் அவர்களிடம் இருக்கவில்லை.

போட்டியின் பெயரால் தொடங்கிய சீர்திருத்தம் இறுதியில் மூலதனக் குவிப்புக்கே இட்டுச் சென்றது. கொண்டினென்டலும் 2010 இல் யுனைட்டெட்டுடன் இணைந்தது. பொதிக்குத் தனிக் கட்டணம் அறவிடும் வழக்கம் மட்டும் உலகெங்கும் பரவி நிலைத்துவிட்டது. பயணி பெற்ற மலிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், அம்மலிவின் விலையைச் செலுத்தியவர் யாவர் என்பதையும் வரலாறு பதிவுசெய்தல் வேண்டும்.